டேஸ்டிங் ரூமில் இரண்டாவது வரிசை

1. நான்கு பக்கப் பாலிசி

இரண்டாயிரத்து நான்கு, ஐந்து வாக்கில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு தேயிலை ஏலத் தரகர் ஆபீஸில் பெர்சனெல் பிரிவில் சேர்ந்தேன். சேர்ந்த மாதமே ஒரு நெருக்கடி. தேயிலையை ருசித்துத் தரம் சொல்லும் எங்கள் மூத்த டேஸ்டர் மணி சார், தனக்கு எச்.ஐ.வி. இருப்பதைத் தானே எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

"மருந்துக்கு மாசாமாசம் ஆஸ்பத்திரி போணும். பொய் சொல்லி லீவ் எடுக்க எனக்கு வராது."

மானேஜர் ராமநாதன் சாரும் மணி சாரைப் போலப் பாலக்காட்டுத் தமிழர்தான். "இதுக்கு ஒரு பாலிசி எழுதிண்டு வாடா" என்றார். நான் குஷியாக நான்கு பக்கம் அடித்தேன். டேஸ்டிங் ரூம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அங்கே வழக்கம் இதுதான்: மேஜையில் ஒரே வரிசையாகக் கோப்பைகள். டேஸ்டர்கள் அவரவர் ஸ்பூனை முக்கி, சர்ரென்று உறிஞ்சி, துப்பிக்கொண்டே நகர்வார்கள். எச்சிலால் இது பரவாது என்று டாக்டர் வந்து சொன்னார். எல்லாரும் நம்பினார்கள். நம்பிக்கொண்டே மணி சாருக்கு மட்டும் அதே தேயிலைகளில் தனியாக இரண்டாவது வரிசைக் கோப்பைகள் போட்டார்கள்.

"மெதுவா டெஸ்பாட்சுக்கு மாத்திடலாம்" என்றார் மானேஜர் என்னிடம். அத்தனை வருஷ நாக்கு மூட்டை எண்ணப் போகவிருந்தது.

2. டல்லா, பிரைட்டா

ஏலத்துக்கு முன்தினம் ஒரு லாட் தேயிலையை வைத்துச் சண்டை. மற்றவர்கள் தங்கள் வரிசையில் ருசித்து, உயிர்ப்புள்ள டீ, "பிரைட்" என்றார்கள். மணி சார் தன் வரிசையில் ருசித்து "டல்" என்றார்.

"உமக்கு நாக்கும் போயாச்சா மணி?" என்றார் மானேஜர்.

"நாக்கு இருக்கு சார். சாயாவாக்கும் போயாச்சு. குடிச்சுப் பாருங்கோ."

ருசி விஷயத்தில் ராமநாதன் சார் தோற்க மாட்டார். விறுவிறுவென்று போய் மணி சாரின் கோப்பையில் ஸ்பூனை முக்கி ஓர் உறிஞ்சு. முகம் சுளித்தார். "டல்தான்."

எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"துப்ப மறந்துட்டேளே சார்" என்றார் மணி சார்.

மானேஜர் ஸ்பூனை மேஜையில் வைத்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்தார். "என்ன ஓய் முழிக்கறேள்? நான் செத்தா போயிட்டேன்? ரெண்டாவது வரிசைக்கு ஊத்தறச்சே கெட்டில் வெந்நீர் ஆறிடறது, இலையிலேர்ந்து சாறு எப்படி இறங்கும்? எடுங்கோ அந்த வரிசையை."

என் நான்கு பக்கம் மூன்று வரியாயிற்று. நோயைச் சொல்வதும் சொல்லாததும் ஊழியரின் விருப்பம். அவர் கேட்காமல் வேலை மாறாது. மூன்றாவதை மானேஜரே கையால் எழுதினார்: டேஸ்டிங் ரூமில் ஒரே கெட்டில், ஒரே வரிசை.

ரிட்டயர் ஆகும்வரை மணி சார் அந்த வரிசையின் முதல் ஆளாகத்தான் நின்றார்.

புதிதாகப் பாலிசி எழுத உட்காருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கம்ப்யூட்டரைத் திறக்குமுன் அந்த வேலை நடக்கும் மேஜைக்குப் போய், ஒரு வாய் உறிஞ்சிப் பாருங்கள்.