கொசுவலைக்குள் கொழுத்த புழுக்கள்

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு வாரம் பூராவும் குரங்குகளைத் திட்டித் தீர்த்தேன். பாவம்... அவை மேல் ஒரு குற்றமும் இல்லை!

அடி அண்ணாமலையில் என் வீட்டு வாசலில் ஒரு திராட்சைப் பந்தல். பக்கத்து வீட்டு நூர்ஜஹான் கொடுத்த குச்சியில் வளர்ந்தது. முதல் முறையாகக் காய்த்திருக்கிறது. "நோன்பு திறக்க முதல் குலை உனக்குத்தாம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். நான் வாய் திறப்பதே அபூர்வம். சொன்னபடி கொடுக்க வேண்டாமா?

பழுக்கத் தொடங்கும் நேரத்தில் இலைகள் காணாமல் போயின. இலை போனால் பழம் எங்கே இனிக்கும்? எங்கள் ஊரில் எது காணாமல் போனாலும் குரங்குதானே! பழைய கொசுவலையை எடுத்துப் பந்தலை இறுக்கிக் கட்டினேன். மறுநாள் பார்த்தால் — இலைகளில் ஓட்டை இன்னும் ஜாஸ்தி. சிலவற்றில் வெறும் நரம்புதான் மிச்சம்.

சாயங்காலம் நூர்ஜஹான் வந்தாள். பந்தலைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது? கொரங்கு இப்படித்தான் மொளகு மொளகா போட்டுட்டுப் போவுதா?"

கறுப்பு உருண்டைகள். எலிப் புழுக்கை என்று நான் தினமும் பெருக்கித் தள்ளியவை. அவற்றுக்கு நேர் மேலே, இலைக்கு அடியில், தண்டோடு தண்டாக ஒட்டிக்கொண்டு விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு. வாலில் கொம்பு வேறு!

"கொட்டுமா?"

"கொட்டாதுக்கா. கொம்பு சும்மா பந்தாவுக்கு. மைனா கண்ணுல பட்டிருந்தா கொத்திக்கினு போயிருக்கும். நீங்கதான் வலையக் கட்டி உள்ள வெச்சு விருந்து போட்டிருக்கீங்களே!"

வெட்கமாகப் போய்விட்டது. "மருந்து அடிச்சிடலாமா?" என்றேன்.

"பழுக்கிற நேரத்துல மருந்தா? அத நான்தானே துன்னணும்! போய் இடுக்கி எடுத்துட்டு வாங்க."

வலையை அவிழ்த்தோம். எச்சம் கிடக்கும் இடமாகப் பார்த்து அண்ணாந்து தேடினாள். அடுப்படி இடுக்கியால் பிடித்துப் பிடித்து சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டாள். நான் வாளியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

பகலெல்லாம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள். சாயங்கால வெயிலில், கழுத்து வலிக்க, என் பந்தலுக்காக நிற்கிறாள்... புழு தீரும்வரை தினமும் வந்தாள். நான் கூப்பிடவே இல்லை. கூப்பிட எனக்கு வாய் வராது என்று அவளுக்குத் தெரியும்.

மிஞ்சிய இலைகளின் தயவில் ஒரு குலை பழுத்தது. நேற்று கொண்டுபோய்க் கொடுத்தேன். நோன்பு திறந்ததும் ஒரு பழத்தை வாயில் போட்டாள். முகம் சுருங்கியது.

"புளிக்குதுக்கா!"

சிரித்துக்கொண்டே இன்னொன்றைக் கிள்ளினாள்.

புளிப்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, முழுக் குலையையும் தின்று தீர்க்கப் பக்கத்தில் ஒரு வீடு இருக்கிறதே... வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்!