வெர்னா மூடிய புகார்

வெர்னாவுக்கு நிரல் ஒரு வரி எழுதத் தெரியாது. ஆனாலும் இசைக்குறிப்பு எழுதும் அந்த இலவச மென்பொருளை ஒன்பது வருஷமாகத் தூக்கி நிறுத்தியவர்களில் அவளும் ஒருத்தி. ஏரிக்கரை ஊரான டலூத்தில் மருத்துவமனைச் சலவைக்கூடத்து வேலை முடிந்து வந்ததும், ஊர் ஊராக வரும் புகார்களை எடுத்துக்கொண்டு உட்காருவாள். எழுதியிருப்பதை அப்படியே தன் மேசைக் கணினியில் செய்து பார்ப்பாள். கோளாறு தெரிந்தால் நிரல் எழுதுகிறவர்களுக்கு அனுப்புவாள்; மூன்று தடவை செய்தும் தெரியாவிட்டால் புகாரை மூடிவிடுவாள். சம்பளம் கிடையாது, கறாருக்கு மட்டும் குறைவில்லை. "கதை வேண்டாம், என்ன செய்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்" என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் குறைவு.

பெமிட்ஜியிலிருந்து லீலண்ட் என்பவர் எழுதியதையும் அப்படித்தான் மூடினாள். சேமித்தால் கடைசிப் பக்கங்கள் காணாமல் போகின்றன என்று முதல் வரி. கீழே மனைவி, இறுதிச் சடங்கு என்று நீளமாக ஏதோ. வெர்னா முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு மூன்று முறை சோதித்தாள். ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த மார்ச்சில் அவள் கணவன் ஆர்விட்டுக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். இரும்புத்தாது ஏற்றும் ஏரிக் கப்பல்களில் முப்பது வருஷம் கழித்தவன். தானே கட்டிய மெட்டுகளை முனகிக்கொண்டே இருப்பான். வாத்தியமும் தெரியாது, குறிப்பும் தெரியாது. அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள், அவன் முனகுவதை அந்த மென்பொருளில் எழுதிக்கொள்ள, வெர்னா மடிக்கணினியோடு மருத்துவமனையில் அவன் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"ஃபோன்ல பதிஞ்சுக்கறேனே, ஆர்விட்."

"இந்தத் தவளைக் குரலையா? இதக் கேட்டா உனக்குச் சோறு எறங்குமா? பேசாம எழுதுடி."

பதினோரு மெட்டு. கடைசியைத் தொடங்கும்முன், "இது உன்னுது. தப்பில்லாம எழுது" என்றான்.

"எப்போ கட்டினது?"

"ஒரு குளிர்காலம் பூரா எங்கூடப் பேசாம இருந்தியே, அப்போ."

எழுதி முடித்துச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள். அதற்குள் நர்ஸ் பரிசோதனைக்காகக் கட்டிலைத் தள்ள வந்துவிட்டதால் மடிக்கணினியைப் பட்டென்று மூடிக்கொண்டு ஒதுங்கினாள்.

மறுநாள் மயக்கம் தெளிந்ததும், கழுத்தில் குழாயோடு ஆர்விட் சிலேட்டில் எழுதிக் காட்டினான்: 'போடு, கேட்போம்.' அவள் கோப்பைத் திறந்தாள். இரண்டு மெட்டு ஒலித்தது. அப்புறம் வெறும் கோடுகள், பக்கம் பக்கமாக.

லீலண்டின் புகாரைத் தேடி எடுத்து, முதல் தடவையாகக் கடைசி வரை படித்தாள். மனைவியின் இறுதிச் சடங்குக்கு அவர் எழுதிய இசை அது. சேமிக்கும்போது யாரோ கதவைத் தட்ட, மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்தாராம். எல்லாம் அந்தக் கதைக்குள்தான் இருந்தது. வெர்னாவின் மேசைக் கணினியில் மூடுவதற்கு மூடியே கிடையாது. ஒன்பது வருஷக் கறாரும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அங்கேயே சும்மா ஒரு பாட்டை அடித்து, சேமித்து, மூடிப் பார்த்தாள். மூன்று தடவையும் பக்கங்கள் போயின. புகாரை மறுபடி திறந்து, நடந்ததை எழுதினாள். ஒரு மணி நேரத்தில் ஹாலிஃபாக்ஸிலிருந்து நிரல் எழுதும் டெஸ்மண்டின் பதில் வந்தது: "வெர்னா, இவ்ளோ தெளிவா யாருமே எழுதினதில்ல. கண்டுபிடிச்சாச்சு, இனிமே யாருக்கும் போகாது. போனது திரும்ப வராது, மன்னிச்சிடு. சோதிச்சுப் பாக்க அந்தக் கோப்ப மட்டும் அனுப்பி வை."

அனுப்பினாள். ஒன்பது மெட்டு போனதை ஆர்விட்டிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. அவன் சிலேட்டைத் துடைத்து மறுபடி நீட்டினான்: 'உன்னுதைப் போடு.'