ஒரு தரம் சொன்ன வேண்டாம்

இந்த ஊரில் டீ வேண்டுமா என்று ஒரு தரம்தான் கேட்கிறார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறார்கள். நம்மூரில் முதல் வேண்டாம் வெறும் மரியாதை. இரண்டாம் தரம் கேட்பார்கள். மூன்றாம் தரம் கேட்காமலே டம்ளரைக் கையில் திணிப்பார்கள். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் எத்தனை வீடுகளில் தொண்டை வறள உட்கார்ந்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியிலும் அதே தப்பைச் செய்தேன். மூன்றாவது பிள்ளை வேண்டாம் என்று நானும் கணவரும் முடிவு செய்திருந்தோம். இங்கே மாத்திரையிலேயே கலைக்கிறார்கள். முதல் மாத்திரையை முன்னமே விழுங்கியாயிற்று; மீதிக்கு ஒரு பகல் அங்கே இருக்க வேண்டும். பிள்ளைகளோடு அவர் வீட்டில் இருந்தார். ஜேன் என்ற நர்ஸ் என்னைத் தனியறையில் படுக்கவைத்து, "நான் கூட உட்காரட்டுமா, தனியாக இருக்க விருப்பமா?" என்று கேட்டாள். "வேண்டாம், உங்களுக்கு வேலை இருக்கும்" என்றேன். மறுபடி கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் என் விருப்பத்தை மதித்துக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

வலி ஏற ஏற ஆவடி ஞாபகம் வந்தது. எண்பதுகளில் அங்கே குவார்ட்டர்ஸில் இருந்தோம். மூத்தவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே மறுபடி தரித்துவிட, பூந்தமல்லியில் ஒரு நர்சிங் ஹோமுக்குப் போனேன். அப்போது மாத்திரை கிடையாது, சுத்தம் செய்வதுதான். பக்கத்து வீட்டுக் காந்தா அக்கா துணைக்கு வந்தார். "நீங்க போங்கக்கா, புள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துடும்" என்றேன்.

"நீ போன்னா நான் பூடுவனா? கம்முனு படு. இங்கதான் குந்திகினு கீறேன்" என்று என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் வரை விடவில்லை.

அன்றைக்கு டாக்டரம்மாவிடமும் ஒரு வேண்டாம் சொன்னேன். இன்னொரு பிள்ளை பெற ஆசை, காப்பர்-டி வேண்டாம் என்று. "சரி, சரி" என்றார். போட்டுவிட்டிருக்கிறார் என்பது, இடுப்புவலி தாங்காமல் வேறு டாக்டரிடம் போனபோதுதான் தெரிந்தது. காந்தா அக்காவிடம் சொல்லி அழுதேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மே. உன் நல்லதுக்குத்தானே பண்றாங்கன்னு கம்முனு இருந்துட்டேன்" என்றார். பல நாள் அவரோடு பேசவில்லை. ஆனாலும் அந்தக் கைச்சூட்டை மறக்க முடியவில்லை. என் 'வேண்டாம்' என்பதைக் காதில் வாங்காத ஊர்தான் இரண்டையும் செய்தது.

எல்லாம் முடிந்தபின் ஜேன் வந்தாள். இனிக் கர்ப்பம் தரிக்காமலிருக்க உள்ள வழிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். காப்பர்-டி என்றதும் "வேண்டாம்" என்றேன். "சரி" என்று அடுத்ததற்குப் போய்விட்டாள். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் பதறிப்போய், "இப்போதாவது கூட உட்காரட்டுமா?" என்று கேட்டாள்.

பாழாய்ப்போன வாய் முந்திக்கொண்டு வேண்டாம் என்றது. தலையசைத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நம்மூர்க் கணக்குக்கு மூன்றாம் தரம் இன்னும் பாக்கி இருந்தது. கட்டிலருகே காலி நாற்காலி. என் வலது கை அதன் பக்கமாக நீண்டே கிடந்தது.