அக்காள் சொன்ன ஏழு

என் அக்காளின் குரலை அழித்தவன் நான். வேறு யாரும் அல்ல... நானேதான்.

இதைப் படிக்கும் உங்களிடம் எதையும் குறைத்துச் சொல்லப் போவதில்லை.

தாயும் தகப்பனும் போன பிறகு, இலங்கையின் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து என்னைப் பதுளையில் படிக்க வைத்தவள் மாரியாயி அக்கா. எழுபதுகளில் நான் லண்டனில் ஆராய்ச்சி மாணவன் ஆனேன். மனிதர் வாயால் சொல்லும் சொல்லைக் கணினி இனங்கண்டுகொள்ள வேண்டும். அதுவே என் ஆய்வு. ஒன்று முதல் பத்து வரையான தமிழ் எண்களை எடுத்துக்கொண்டேன்.

குரல்களைப் பதிவு செய்ய விடுமுறையில் ஊருக்கு வந்தேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறையில் டேப் ரெக்கார்டருக்கு முன்னால் உட்காருவதற்காக அக்கா தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டாள்.

“சத்தமா சொல்லவா தம்பி, மெதுவாவா?”

“நீ எப்பவும் பேசுற மாதிரியே சொல்லுக்கா.”

பத்து முறை சொன்னாள். பதிவு முடிந்துவிட்டது என்று நினைத்து, “எளச்சுப் போயிட்டியே... அங்க சோறு கெடைக்குதா?” என்றாள். அதுவும் நாடாவில் பதிந்தது.

லண்டனில் மற்ற எண்களெல்லாம் தேறின. அவளுடைய ஏழு மட்டும் தேறவில்லை. அவள் வாயில் அது ‘ஏளு’. கணினி ஒவ்வொரு முறையும் அதை நாலு என்றே காட்டியது.

“யார் இந்தப் பெண்? சரியாகத்தான் பேசுகிறாரா?” என்று பேராசிரியர் கேட்டார்.

“படிக்காத ஒரு தொழிலாளி,” என்றேன்.

அக்கா என்ற சொல் ஏன் என் வாயில் வரவில்லை? வெட்கமா? அதற்கு வேறு பெயர் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

அவளுடைய ‘ஏளு’வையும் கணினிக்குப் பழக்கியிருக்கலாம். இன்னும் சில மாதங்கள் பிடித்திருக்கும்... ஆய்வேட்டைக் கொடுக்கவேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. அந்த நாடாவின் மேலேயே ஒன்று முதல் பத்து வரை என் குரலைப் பதிந்தேன். அவள் சொன்ன எண்களோடு, சோறு கிடைக்கிறதா என்று கேட்டதும் அழிந்துபோனது. வானொலி அறிவிப்பாளரைப்போல் நாக்கை மடித்து ‘ஏழு’ என்றேன். ஆய்வேட்டில் அதை அவள் குரல் என்றே குறித்தேன். பட்டம் கிடைத்தது. வேலையும் கிடைத்தது.

அடுத்த முறை ஊர் வந்தபோது அக்கா கேட்டாள்: “எம் பேச்சு அதுக்கு வெளங்குச்சா தம்பி?”

“வெளங்குச்சுக்கா.”

மறுநாள் காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டே ஆண்டுகளில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். கருமாதி முடிந்த அன்று அவள் மகள் செல்வி என்னிடம் வந்தாள்.

“மாமா, அம்மா பேசின டேப்பு ஒங்ககிட்ட இருக்காமே. ஒரு தடவ கேக்கணுங்க.”

“லண்டன்ல பத்திரமா இருக்கும்மா.”

செல்வி இப்போது திருமணமாகி லுணுகலையில் இருக்கிறாள். பிறந்திருக்கும் மகளுக்குத் தன் அம்மாவின் குரலைப் போட்டுக் காட்ட வேண்டுமாம்... போன வாரமும் எழுதியிருந்தாள். அடுத்த முறை கொண்டுவருகிறேன் என்று பதில் எழுதி, உறையை ஒட்டி, தபாலில் போட்டுவிட்டேன்.