வர வேண்டாம் என்று ஓர் அறிவிப்பு

தொண்ணூறுகளில் இரும்புலியூர்ப் பள்ளி ஒன்றில் வாத்தியாராக இருந்தேன். பெற்றோர் கூட்டம் என்று பிள்ளைகளிடம் எத்தனை சர்குலர் கொடுத்தனுப்பினாலும், கடைசியில் காலி நாற்காலிகளிடம்தான் பேசிக்கொண்டிருப்போம். கடுப்பாகிப்போய் ஒரு தடவை வாசல் கரும்பலகையில் நானே எழுதினேன்: ‘சனிக்கிழமை கூட்டத்துக்குப் பெற்றோர் யாரும் வர வேண்டாம்.’

அதைப் பார்த்த ஹெட்மாஸ்டர் குதித்தார். “முதல்ல அதை அழிங்க சார்!”

அழிப்பதாகத்தான் சொன்னேன். டஸ்டர் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை கேட்டில் தள்ளுமுள்ளு. பள்ளிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத அப்பா ஒருவர் என்னிடம் எகிறினார். “எங்களுக்குத் தெரியாம உள்ள இன்னா சார் பேசிக்கினு கீறீங்க?”

அவரை முதல் வரிசையில் உட்காரவைத்தேன். வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை.

ஹெட்மாஸ்டர் மைக்கைப் பிடித்தார். “எங்கள் அழைப்பை ஏற்றுத் திரளாக வந்திருக்கும் பெற்றோர்களே...”