வெயிலோடு நகர்ந்த நாற்காலிகள்

மேடையைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டார்கள். டெல்லியில் ஜனவரி மாதம் வெட்டவெளியில் வாசிக்கிறவனுக்குச் சுருதி இரண்டாம் பட்சம். வெயில் எந்தப் பக்கம் என்பதுதான் முதல் பாடம்.

கிட்வாய் நகர் பார்க்கில் பொங்கல் விழா. காலை பதினொன்று முதல் மாலை நாலரை வரை எங்கள் இசைக்குழு. நாங்கள் தொழில்முறை ஆட்கள் இல்லை. ஜானகி மாமி வங்கியில் ஓய்வு பெற்றவர். ஜனக்புரியிலிருந்து மெட்ரோவில் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வருவார். தாமஸ் டிரம்ஸ், வாரத்தில் ஐந்து நாள் குர்காவ்னில் கம்ப்யூட்டர் தட்டுகிறான். சுந்தரம் பாட்டு. நான் பேஸ் கிடார். நான் வாசிப்பது யாருக்கும் கேட்காது. நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

விழாக் குழு அக்டோபரில் வந்து இடம் பார்த்தது. அன்று அங்கே நல்ல வெயில். ஜனவரியில் சூரியன் தாழ்ந்து போய் எட்டு மாடிக் கட்டடத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் என்பது, நாற்பது வருஷம் டெல்லியில் கோப்பு பார்த்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். சங்க விழாக்களில் வாசித்து வதைபட்டவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்காருங்கள்.

பட்டியலில் கடைசி

சுந்தரம் எனக்கு முப்பது வருஷத்துச் சிநேகிதன். மதுரைக்காரன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தொண்டையில் ஆபரேஷன். குரல் போனது. பிறகு பாதி வந்தது. பாடலாம் என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம் ஆகியும் அவன் வாய் திறக்கவில்லை. பொங்கலுக்கு ஒரே ஒரு பாட்டு, அதுவும் கடைசியில், நாலு மணிக்கு என்று நான்தான் பிடிவாதமாகப் பட்டியலில் போட்டேன். மற்றதெல்லாம் வெறும் வாத்தியம். அன்றைக்கும் குரல் வரவில்லை என்றால் பாட்டையே விட்டுவிடுகிறேன் என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவனுக்கு விளையாட்டு வராது.

ஒத்திகையில் என் வீட்டு ஹாலில் நின்று சுவரைப் பார்த்தான். இரண்டு வரி. நின்றுவிட்டது. மைக் சத்தத்தைக் கூட்டுகிறேன் என்றான் தாமஸ். சுந்தரம் தலையை ஆட்டினான்.

"மைக்கெல்லாம் கெடக்கட்டும் தம்பி. எனக்கு எதிர்ல மூஞ்சி வேணும்."

பனிக்குள் ஒரு கைதட்டல்

பதினொரு மணிக்குப் பார்க்கில் மூடுபனி. மேடையிலிருந்து முதல் வரிசை நாற்காலி தெரியவில்லை. மணி ஆனால் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கொள்கை. ஆரம்பித்தோம். வெள்ளைக்குள் வாசிப்பது விசித்திரமான காரியம். நாம் அனுப்புகிற சத்தம் எதிலும் போய் முட்டுவதில்லை. பஞ்சு மூட்டைக்குள் விட்ட கை மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. மூன்றாவது பாட்டு முடிந்ததும் எங்கிருந்தோ கைதட்டல். ஒரே ஒரு ஆள். வேப்பமரம்தான் தட்டியது என்று யாராவது சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த ஆளே வந்து சேர்ந்தான். காலனிக் காவலாளி. பாட்டு வருகிறது, ஆளைக் காணோமே என்று கட்டடத்தையே ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறான். மேடையில் முட்டிக்கொண்டு நின்றான். நாங்கள் நிஜமாகவே இருக்கிறோம் என்பதில் அவனுக்கு அவ்வளவு ஆச்சரியம். டார்ச்சை என் மூஞ்சியில் அடித்துச் சொன்னான்:

"அரே அங்கிள்ஜி, ஆப் லோக் சச்முச் ஹைன்!"

விரல் இல்லாத கையுறை

குளிரில் கீபோர்டு கட்டைகள் பனிக்கட்டி மாதிரி இருக்கும். ஜானகி மாமி கம்பளிக் கையுறையில் விரல் நுனிகளை வெட்டிவிட்டு அதைப் போட்டுக்கொண்டு வாசிப்பார். பன்னிரண்டு மணிக்குப் பனி கரைந்து ஜனங்கள் வந்தார்கள். முதல் வரிசையில் ஓர் அம்மாள், மடியில் ஊதா நூல்கண்டு, ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே கேட்டார். எங்கள் தாளத்துக்குத்தான் ஊசி போகிறது என்று தாமஸுக்குப் பெருமை. இரண்டு பாட்டு அந்த ஊசியைப் பார்த்துக்கொண்டே வாசித்தான்.

இடைவெளியில் அந்த அம்மாள் மேடைக்கு வந்தார். பாராட்டப் போகிறார் என்று மாமி எழுந்து நின்றார். வந்தவர் மாமியின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயோ பாவமே, பாதியில விட்டுட்டாளா? குடுங்கோ, நாலு மணிக்குள்ள பத்து விரலும் முடிச்சுத் தந்துடறேன்."

முதல் வரிசை கடைசி வரிசையானது

ஒரு மணிக்கு எங்கள் பின்னாலிருந்த கட்டடத்தின் நிழல் மேடையைத் தாண்டி முதல் வரிசையின் காலைத் தொட்டது. முதல் வரிசை எழுந்தது. மரியாதையாக, சத்தம் போடாமல், ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் போட்டுக்கொண்டது. பத்து நிமிஷத்தில் அடுத்த வரிசை. அதன் பிறகு அதற்கடுத்தது. இரண்டரை மணிக்கு எல்லோரும் அறுபது அடி தள்ளி, பார்க்கின் மறுகோடியில் இருந்தார்கள். அதோடு போகவில்லை. டெல்லிக்காரர்களுக்கு வெயில் முகத்துக்கு இல்லை, முதுகுக்கு. வெயில் எங்கள் பக்கத்திலிருந்து வந்தது. நாற்காலிகள் திரும்பின. நூறு சால்வை, நூறு குல்லாய், ஒரு மூஞ்சி இல்லை.

விழாக் குழுச் செயலாளர் நாகராஜனைக் கூப்பிட்டேன். அமைச்சகத்தில் நிர்வாகப் பிரிவில் இருந்தவர். ஜனங்களை முன்னால் கூட்டிவரச் சொன்னேன். வேர்க்கடலைத் தொலியை ஊதிவிட்டு அமைதியாகச் சொன்னார்:

"சார், வெயிலுக்கு மெமோ குடுக்க முடியுமா?"

ஒயர் போகும் தூரம்

எனக்குப் பொறுமை கிடையாது. அவர்கள் வராவிட்டால் நாம் போவது என்று கிடாரோடு மேடையிலிருந்து இறங்கினேன். ஒயர் பின்னாலேயே வந்தது. இருப்பதிலேயே நீளமான ஒயர். வாசித்துக்கொண்டே புல்லில் நடந்தேன். நிழல் முடிந்து வெயில் ஆரம்பிக்கிற கோட்டில் ஒயர் தீர்ந்தது. ஜனங்கள் ஒரு கை தூரத்தில்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கோட்டில் நிற்பது சுகமாகத்தான் இருந்தது. ஆரஞ்சுத் தோல் வாசனை. பின் கழுத்தில் வெயில். நான் வாசிப்பது முதல் தடவையாக எனக்கே கேட்டது மாதிரி இருந்தது. கண்ணை மூடி வாசித்தேன். கடைசி வரிசையில் ஒருவர் மெல்லத் திரும்பினார். ஒரு மூஞ்சி கிடைத்துவிட்டது என்று மனசு குதித்தது.

"அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன். வெயில மறைக்கிறீங்க."

மூன்று மணி

மூன்று மணிக்கு எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பொங்கல் சாப்பிட்டுவிட்டு முதுகில் வெயிலோடு உட்கார்ந்தால் வேறு என்ன செய்ய முடியும்? பாடுகிறவன் இல்லாத மெட்டுகளாக வாசித்தோம். தாமஸ் குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரலால் தட்டினான். மாமி ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவேயில்லை. கிளிகள் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போயின. வாசிப்பது நாங்களா, அல்லது தூங்குகிற நூறு பேர் சேர்ந்து எங்களைக் கனவு காண்கிறார்களா என்று ஒரு கட்டத்தில் தெரியவில்லை. எழுபத்தோரு வயதில் இப்படியெல்லாம் தோன்றுவது நல்லதில்லை. நிறுத்தினேன்.

மறுகோடியிலிருந்து ஒரு பெரியவர், திரும்பாமலே, கையை மட்டும் தூக்கினார்.

"நிறுத்தாதீங்க சார், முழிப்பு வந்துடுது."

சுந்தரம் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டான்

மூன்றரை. சுந்தரம் காலையிலிருந்து மேடை ஓரத்தில் ஸ்டூலில் இருந்தான். வெந்நீர் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு அந்த நூறு முதுகையும் பார்த்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். இன்னும் அரை மணி இருக்கிறது என்றேன். அவன் கழட்டி வைத்திருந்த மஃப்ளரை எடுத்துத் தொண்டையில் இரண்டு சுற்றுச் சுற்றினான். பிளாஸ்க் மூடியைத் திருகினான்.

"முதுகுக்கெல்லாம் பாட முடியாதுய்யா. வா, வீட்டுக்குப் போவோம்."

புல்லில் விழுந்தது

அவன் எழுந்து இரண்டடி வைத்திருப்பான். மேடைக்கு முன்னால் புல்லில் ஒரு சதுரம் வெளிச்சம் விழுந்தது. ஜன்னல் அளவு. தண்ணீரில் மிதப்பது மாதிரி ஆடியது, பிறகு நின்றது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு இரண்டு. நிழலுக்கு நடுவில் நாலு துண்டு வெயில். எதிர்க் கட்டடத்தில், ஐந்தாவது மாடியில், கறுப்புக் கண்ணாடி ஜன்னல் கதவுகள் திறந்து சூரியனை வாங்கி எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தன.

மறுகோடியில் வெயில் மெலிந்து, ஜனங்கள் குளிரில் விழித்துக்கொண்டிருந்த நேரம். ஊதா நூல்கண்டு அம்மாள்தான் முதலில் பார்த்தார். நாற்காலியைத் தூக்கிவந்து ஒரு சதுரத்தில் போட்டார். வழக்கம்போல வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இந்த வெயில் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. ஆகவே முகம் எங்களுக்கு. பின்னாலேயே பத்துப் பேர். இருபது. இடம் கிடைக்காதவர்கள் ஓரத்தில் நின்றார்கள்.

சுந்தரம் மஃப்ளரை அவிழ்த்தான். பாடினான். குரல் மெல்லிசாக இருந்தது, நரைத்த குரல். சரணத்தில் ஓரிடத்தில் உடைந்தது. அந்த அம்மாள் ஊசியை மடியில் வைத்தார். அவன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த இடத்தை மறுபடி எடுத்து, மேலே ஏறி, தாண்டினான். நான் இரண்டு ஸ்வரம் விட்டுவிட்டேன். பாட்டு முடியும்வரை அந்த நாலு சதுரமும் நகரவில்லை. சூரியன் நகர நகர, மேலே யாரோ கதவுகளை இம்மி இம்மியாகத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். முடிந்ததும் அவன் மைக்கைத் தடவிக்கொண்டு என்னிடம் கேட்டான்:

"அடுத்து என்ன பாட்டுய்யா?"

ஐந்தாவது மாடி

நாலரைக்கு நான் லிஃப்டில் மேலே போனேன். நூல்கண்டு அம்மாளின் வீடுதான் அது. வீட்டு வேலை செய்யும் பெண் கதவைத் திறந்தாள். நாற்பது வயது இருக்கும், விழுப்புரம் பக்கம். பண்டிகை நாளிலும் ஜன்னல் துடைக்க வந்திருந்தாள். மூன்று கதவுகளுக்கு வாளி, ஸ்டூல், அரிசி டப்பா என்று முட்டுக் கொடுத்திருந்தாள். நாலாவதைக் கையில் பிடித்திருந்திருக்கிறாள், கை சிவந்திருந்தது. தினம் துடைக்கும்போது கதவைத் திருப்பினால் வெளிச்சம் கீழே எங்கே விழும் என்பது அவளுக்கு அத்துப்படி. எதற்காகச் செய்தாய் என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

"பாடறது நீங்க, சனம் பூரா என்னிய பாத்து உக்காந்திருக்கு. ஜன்னல் தொடைக்கவே கூச்சமா இருந்துச்சுங்கய்யா."

அக்டோபரில் விழாக் குழு, ஜனவரியில் இசைக்குழு என்று பத்துப் படித்த தலைகள் கூடிக் கோட்டைவிட்ட வெயிலை, ஒரு வாளியையும் அரிசி டப்பாவையும் வைத்துத் திருப்பிக் கொடுத்தவள் பெயர் செல்வி.