பட்டப்பகலில் அண்ணன் பார்த்த நட்சத்திரம்

இன்று காலை பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டுகளை மெழுகுவத்திச் சுடரில் காட்டிக் கரியேற்றிக்கொண்டிருந்தார்கள். பத்து மணிக்குச் சூரிய கிரகணமாம். "தாத்தா, நீங்களும் வாங்க. நீங்கதானே வானசாஸ்திரம் படிச்சவரு!" என்று கூப்பிட்டார்கள். கண் வலிக்கிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அந்த மெழுகு கருகும் வாசனைதான் எனக்கு ஆகாது.

வானசாஸ்திரம் படித்தவன் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. உண்மையில் நான் படித்தது எவ்வளவு தெரியுமா? பெங்களூரில் பி.ஏ. படிக்கையில் ஒரே ஒரு வருஷம், வாரத்துக்கு இரண்டு வகுப்பு, அதுவும் ஆரம்பப் பாடம். அதன் பிறகு ஆயுசு முழுவதும் பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினேன்.

மெழுகு வாசனை என்றேன் அல்லவா? தங்கவயலில் எங்கள் வீட்டில் களி கிண்டும் வாசனையைவிட அது பழக்கமானது. அந்த நாளில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்கு வெளிச்சம் மெழுகுவத்திதான். களிமண்ணை உருட்டித் தொப்பியில் ஒட்டி, அதில் செருகிக்கொண்டு போவார்கள். எரிந்து மிஞ்சிய துண்டுகளை என் அண்ணன் மடியில் முடிந்து கொண்டுவருவார். அந்தத் துண்டுகளின் வெளிச்சத்தில்தான் நான் மெட்ரிகுலேஷன் வரை படித்தேன். அப்பா அம்மா குடியாத்தம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, வந்த சில வருஷத்திலேயே இறந்துவிட்டார்கள். பிறகு எல்லாம் அண்ணனும் அண்ணியும்தான். மூங்கில் தட்டி அடைத்த ஒரே அறை. மழை பெய்தால் என் புத்தகங்களுக்குத்தான் முதலில் இடம், அப்புறம்தான் மனிதர்களுக்கு.

அண்ணனுக்குச் சுரங்கத்தில் மணி அடிக்கிற வேலை. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை அங்கே கேஜ் என்பார்கள். அவருடைய லெவலில், அதாவது சுரங்கத்து அடுக்கில், அது வந்து நிற்கும் இடத்தில் நின்றுகொண்டு, ஏற ஒரு மணி, இறங்க வேறு மணி என்று மேலே சைகை கொடுக்க வேண்டும். கூண்டு ஏறி இறங்கும் செங்குத்துக் குழிதான் ஷாஃப்டு. அவசரப்பட்டு அதற்குள் தலை நீட்டுகிறவர்களைப் பிடித்து இழுத்துத் திட்டுவதும் அவர் வேலைதான்.

கல்லூரியில் எங்களுக்கு வானசாஸ்திரம் எடுத்தவரின் தலைப்பாகை எப்போதும் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். பூமியின் அச்சும் அதே அளவுதான் சாய்ந்திருக்கிறது என்று பையன்கள் சொல்லிச் சிரிப்போம். ஒரு நாள் அவர் பித்தளைத் தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பி, பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தார். தோசையளவுக்குச் சூரியன் தாளில் வந்து விழுந்தது. நடுவே நாலைந்து கறுப்புக் கறைகள். "சார், ஒரு கறை ஓடுது!" என்று கத்தினேன். தாளின் மேல் எறும்பு. அன்றிலிருந்து வகுப்பில் என் பெயர் எறும்பு.

அந்த மாதிரிப் பட்டப்பெயரோடு இருந்தவனுக்கு ஒரு பெருமை கிடைத்தால் விடுவானா? விடுமுறைக்கு முந்தின வகுப்பில் அவர், "ஆழமான கிணத்துக்குள்ள இருந்து பார்த்தா பகல்லயே நட்சத்திரம் தெரியும்னு ரொம்ப காலமா ஒரு பேச்சு இருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்க ஊர்ச் சுரங்கம் மாதிரி ஆழமான கிணறு வேற எங்க இருக்கு? கேட்டுட்டு வாயேன்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூலிக்காரர் ஊர் என்று நான் வாய்விட்டுச் சொல்லாத என் ஊருக்கு அன்று ஒரு மவுசு வந்தது.

பௌரிங்பேட்டையில் வண்டி மாறி வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கேட்டேன்.

"அண்ணா, கேஜ் வர எடத்துல நின்னு மேல பாத்தா இன்னா தெரியும்?"

"இருட்டுதான். தலைய நீட்டிப் பாத்தா உச்சியில பொட்டு மாதிரி வெளிச்சம் தெரியும். ஏன்டா?"

சொன்னேன். களி உருண்டையைத் தட்டிலேயே விட்டுவிட்டு, "பகல்லயா?" என்றார்.

"பகல்லதான். புக்குலயே போட்டிருக்குது."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு வரி இல்லை. புத்தகம் என்றால் அவர் உடனே நம்புவார் என்று எனக்குத் தெரியும், சொன்னேன். அவ்வளவுதான்.

அண்ணி அடுப்படியிலிருந்து, "தலைய நீட்டாதேன்னு ஊருக்கெல்லாம் சொல்றவரு நீங்க. ஞாபகம் இருக்கட்டும்" என்றாள்.

மூன்றாம் நாள் பகல் ஷிப்டில் அது நடந்தது. மேல் லெவலில் யாரோ கைதவறி விட்ட உளியின் உடைந்த துண்டு ஷாஃப்டுக்குள் விழுந்தது. பாறைச் சுவரில் மோதி மோதி இறங்கியது. அண்ணன் நின்ற இடத்துக்குச் சற்று மேலே கடைசியாக மோதியபோது தெறித்த இரும்பும் கல்லுமான சில்லுகள், அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அவர் முகத்தில் விழுந்தன.

ஆஸ்பத்திரியில் கண்ணோடு சேர்த்துத் தலை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தார்கள். என் காலடி கேட்டதும் கையை நீட்டினார்.

"டேய் சின்னவனே, பாத்தேன்டா. நெஜமாத்தான் போட்டிருக்குது உன் புக்குல. மினுக்குன்னு ஒன்னு. அப்பறம் கீழ எறங்கி இன்னொன்னு. உங்க வாத்தியாருகிட்ட சொல்லு."

இரும்பு பாறையில் மோதிய பொறி. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்றேண்ணா" என்றேன்.

சுரங்கத்துத் துரை வந்து விசாரித்தபோது, தலை சுற்றி ஷாஃப்டுப் பக்கம் சாய்ந்துவிட்டதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். என் பெயர் எங்கேயும் வரவில்லை. நான் படிப்பை விட்டுவிடுகிறேன் என்றதற்கு மட்டும் கோபம் வந்தது. "கண்ணு போனது போதாதா? உன் படிப்பும் போவணுமா?"

கல்லூரிக்குத் திரும்பி, அண்ணன் பார்த்தாராம் என்று ஆசிரியரிடம் சொன்னேன். மீதியைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் சிரித்தார். "அது வெறும் பேச்சுப்பா. கிணத்துக்கு மேல இருக்கிறதும் அதே பகல் வானம்தானே? நட்சத்திரம் எப்படித் தெரியும்? நீங்களே யோசிச்சுச் சொல்வீங்கன்னுதான் கேட்டேன்." யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வருஷம் அந்தப் பாடத்தில்தான் எனக்கு அதிக மார்க்கு வந்தது.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் அண்ணன் இருந்தார். சாயங்காலமானால் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காருவார். சுற்றிப் பிள்ளைகள். பட்டப்பகலில் நட்சத்திரம் பார்த்த கதை. இரண்டு நட்சத்திரம் நாலாகி, நாலு ஏழாகிவிட்டது. நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் சாட்சிக்குக் கூப்பிடுவார். "என் தம்பி பி.ஏ. வேணும்னா கேளுங்க, புக்குலயே இருக்குது." பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள். "ஆமா, இருக்குது" என்பேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

ஒருமுறை யாருமில்லாதபோது கேட்டார். "ஏன்டா, எனக்கு அப்பறம் வேற யாருனா பாத்தாங்களா?"

"இல்லண்ணா. நீ ஒருத்தன்தான்."

அவர் முகம் மலர்ந்தது. அந்த விஷயத்தில் நான் அவரிடம் சொன்ன ஒரே உண்மை அது.

அவர் காரியம் முடிந்த மறுநாள், முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். புத்தகத்தில் இல்லை, அவர் பார்த்தது பொறி, நான்தான் காரணம் என்று. அவள் கை நின்றது.

"அவர்கிட்ட சொன்னியா?"

"இல்ல அண்ணி."

"சொல்லல இல்ல?" என்று இன்னொரு முறை கேட்டாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு, "எங்கிட்டயும் சொல்லாமலே இருந்திருக்கலாம் தம்பி" என்று உள்ளே போய்விட்டாள். அதன் பின் சாகும்வரை அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. என்னோடு வேறு எதையும் அதிகம் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் அங்கே போயிருந்தேன். வேலை ஓய்ந்து அந்த ஷாஃப்டை மூடிவிட்டார்கள். மேலே பலகை போட்டு, மண் கொட்டி, சுற்றிலும் முள்கம்பி. தட்டி வீடுகள் இருந்த வரிசையில் ஓடு போட்ட லைன் வீடுகள் வந்துவிட்டன. எங்கள் வாசல் எது என்று காலால் அளந்து பார்த்தேன். கட்டில் கிடந்த இடத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. குடத்தோடு நின்ற ஒரு பெண் என்னைக் கவனித்துவிட்டு, "யாரப் பாக்கணுங்க?" என்றாள்.

"யாரும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷனைப் பார்க்க நடந்தேன்.